முனியப்பன் கோயிலில் துலுக்கிய விமானம்

சின்ன மாமா விமானம் செய்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் எனக்கிருந்த அறிவையும் அந்த விமானத்தின் வாலையும் தராசில் வைத்திருந்தால் வால் பக்கம்தான் தாழ்ந்திருக்கும். இத்தனைக்கும் அது பால்சா மரத்தில் செய்த வால். உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

கோடை லீவுக்கு அம்மா என்னை ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அப்பிச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அம்மாவின் அப்பாவைத்தான் எங்கள் பக்கத்தில் அப்பிச்சி என்போம். அவரும் சின்ன மாமாவும், பெரிய மாமாவின் மனைவியான அத்தையும்தான் வீட்டில் இருந்தார்கள். பெரிய மாமா இல்லை. லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனவர், நான் நடக்கப் பழகும் முன்பே போனவர், திரும்பவில்லை. லாரியும் திரும்பவில்லை. செத்தார் என்று சொல்ல உடம்பு கிடைக்கவில்லை. இருக்கிறார் என்று சொல்ல ஒரு தந்திகூட வரவில்லை. அத்தை பொட்டும் தாலியுமாக இருந்தாள்.

அப்பிச்சி அந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்தக் கோடையில் வரும் முனியப்பன் கோயில் பொங்கல் கழிந்ததும் பெரிய மாமாவுக்குக் காரியம் செய்து அத்தையின் தாலியை இறக்கிவிடுவது, அதற்கப்புறம் சின்ன மாமாவுக்குக் கல்யாணம். அண்ணன் கதி தெரியாத வீட்டில் தம்பிக்குப் பந்தல் போட முடியாது என்று சொல்லிவிட்டார். வாழப்பாடியில் பெண் பார்த்துப் பிடித்துப்போய், அவர்களும் பொங்கலுக்காகக் காத்திருந்தார்கள். இதெல்லாம் என் காதில் நன்றாகவே விழுந்தது. என் காதுக்கும் மூளைக்கும் நடுவில் வயிறு இருந்தபடியால், அடுத்தடுத்து இரண்டு விருந்து என்பது மட்டும்தான் உள்ளே போய்ச் சேர்ந்தது.

சின்ன மாமா பெங்களூரில் விமானப் பட்டறை ஒன்றில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, நாமக்கல்லில் லாரிக்குக் கேபின் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தார். பழைய சிநேகிதர் மூலமாகப் பால்சா பலகைகளும், சிங்கப்பூரிலிருந்து வந்த ரேடியோப் பெட்டியும், முஷ்டி அளவுக்கு ஒரு என்ஜினும் சேர்த்திருந்தார். பெட்டி கையில் இருக்கும். ஏரியலை இழுத்துவிட்டு அதிலுள்ள குச்சிகளை அசைத்தால் விமானத்துக்குள் இருக்கும் குட்டி மோட்டார்கள் வாலையும் இறக்கையையும் அசைக்கும். வேலை நடந்தது பெரிய மாமாவின் அறையில். வீட்டில் காற்று புகாத அறை அது ஒன்றுதான். அவருடைய காக்கிச் சட்டை அப்போதும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விமானத்தின் உடம்பு கண்ணாடி நார். பிளாஸ்டர் அச்சில் நார்த்துணியை விரித்து, ரெசினைக் குழைத்துத் தடவி, இறுகியதும் உரித்தெடுப்பார். இரண்டு பாதியாக வெள்ளை வெளேரென்று வந்த அந்தக் கூட்டைக் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். கதவைத் திறந்தால் இரண்டும் சேர்ந்தே ஆடும். நான் வீரன் என்பதால் கண்ணை மூடிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

அப்படிப் போனதில் நார் வெட்டிய தூளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் உடம்பெல்லாம் சிவந்து தடித்துப்போயிற்று. அம்மை என்று அப்பிச்சி தீர்ப்புச் சொல்ல, வேப்பிலைப் படுக்கையும் மஞ்சள் தண்ணீரும் இளநீருமாக நான் சாமியாக்கப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கும்பிட்டார்கள். சின்ன மாமா என் காதருகே குனிந்து, "அடேய், அது கண்ணாடித் தூளுடா. சொல்லட்டுமா?" என்றார். இளநீர் தீரும்வரை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நிஜ விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. அளவென்றால் அளவு, ஓட்டுகிற ஆளும் ஐந்தில் ஒரு பங்காக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மாமா பால்சாத் துண்டில் தலையும் தோளும் செதுக்கினார். வர்ணம் பூசி, கண்ணாடி மூடிக்குள் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது: கூடத்தில் மாலையில்லாமல் தொங்கிய படத்திலிருக்கும் பெரிய மாமாவின் அதே மூக்கு, அதே முன்நெற்றி.

"யாரு மாதிரியும் செய்யலடா. கை அதுவாப் போச்சு" என்றார் மாமா. அவர் முகமும் சரியாக இல்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறைக்குள் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை விமானத்தின் மேல் குனிந்து, கண்ணாடி மூடியில் தூசியைத் தலைப்பால் துடைத்தபடி, "சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்போது வால் கிர்ரென்று இடப்பக்கம் திரும்பி, பிறகு நேரானது. அத்தை அசையவில்லை. நான்தான் அடுப்படிவரை ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் முதுகில் போய் முட்டினேன்.

மாமா சிரித்தார். உள்ளே இருக்கும் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டாராம். கைப்பெட்டி அணைந்திருந்து உள்பெட்டி மட்டும் விழித்திருந்தால் காற்றில் போகிற எதையாவது பிடித்துக்கொண்டு இப்படி உதறுமாம். காற்றில் போகிற எது என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.

பொங்கலன்று விமானத்தைக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். புது லாரி வாங்கினாலே முனியப்பன் முன்னால் நிறுத்தாமல் சாவி போடாத ஊர். பறக்கிற வண்டியை விடுமா? கோயில் ஏரிக்கரையில். ஏரி வறண்டு மைதானமாகக் கிடந்தது. பூஜை முடிந்ததும் அங்கேயே பறக்கவிடுவதாகத் திட்டம். மாமா காலையில் சோதித்துப் பார்த்த கைப்பெட்டியை அணைத்துப் பைக்குள் வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் கிடாயை வெட்டுவதற்கு முன் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பை ஓர் உதறு உதறினால் துலுக்கிவிட்டது, சாமி சரியென்றுவிட்டது என்று அர்த்தம். மனசுக்குள் வேறு காரியத்தை நினைத்துக்கொண்டும் கேட்பதுண்டு. அன்றும் கிடாய்கள் ஒவ்வொன்றாகத் துலுக்கின. கடைசியாகப் பூசாரி விமானத்துக்குத் திருநீறு போட்டுவிட்டுத் திரும்பும்போது அத்தை முன்னால் வந்தாள். கூட்டத்தில் அவள் வாயைத் திறந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"இதுக்கும் தண்ணி தெளிச்சுக் கேளுங்க."

பூசாரி சிரித்தார். "உசுருள்ளதுதானுங்க துலுக்கும் அம்மிணி. இது வெறும் கட்டைங்க."

"நீங்க தெளிங்க. துலுக்கலீன்னா உட்டுருங்க."

மாமா, "அய்யோ, வேண்டாமுங்க, தண்ணி படக் கூடாதுங்க" என்று வாயெடுப்பதற்குள் பூசாரி சொம்பைக் கவிழ்த்துவிட்டார். அவருக்குத் தெளிப்பதென்றால் குளிப்பாட்டுவது. மஞ்சள் தண்ணீர் கண்ணாடி மூடியில் வழிந்து உள்ளே இறங்கியது. அத்தை கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். கூட்டம் பேச்சை நிறுத்தியது. பம்பைக்காரர்கூடக் குச்சியைத் தூக்கியபடி நின்றார்.

விமானம் துலுக்கியது. வாலும் இறக்கைகளும் ஒன்றாக, நனைந்த கிடாய் உதறுமே, அப்படியே. உடம்பு முழுக்க அதிர்ந்து, நின்று, இன்னொரு முறை அதிர்ந்தது. கூட்டம் இரண்டடி பின்னால் போனது. நான் எத்தனை அடி போனேன் என்பதைச் சொல்ல விருப்பமில்லை.

துண்டால் துடைக்கிற சாக்கில் குனிந்த மாமா என்னிடம் கிசுகிசுத்தார். "உள்ள இருக்கற சுவிட்ச அணைக்காம உட்டுட்டேன் கண்ணு. தண்ணி உள்ள போயிருச்சு, அதான் ஆடுது. இன்னிக்கு உட்டா போயிரும்டா."

ஆனால் அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். "உத்தரவு ஆனதுக்கப்புறம் நிறுத்தக் கூடாது தம்பி. உடுங்க." அவள் கன்னமெல்லாம் கண்ணீர். நானோ அவள் விமானத்துக்காகச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு மாதாமாதம் ஊற்றுகிற விளக்கெண்ணெயைத்தான் மாமா ஸ்பிரிட்டில் கலந்து என்ஜினுக்கும் ஊற்றுவார். அதுவும் என்னைப் போலவே கத்திக்கொண்டு ஓடும். அன்றும் ஓடி, ஏரி மண்ணை விட்டு எழும்பி, ஒரு வட்டம் ஒழுங்காக வந்தது. அடுத்த வட்டத்தில் மாமாவின் விரல்கள் ஒன்று சொல்ல, அது வேறொன்று செய்தது. குச்சிகளை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது கேட்கவில்லை. தாழ இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அத்தையின் தலைக்கு மேலே வந்தது. சாய்ந்ததில் உள்ளே இருந்த முகம் கீழே பார்த்தது. அவளும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வடக்கே, லாரி போகிற ரோட்டுப் பக்கமாகவே நேராகப் போயிற்று.

கண்ணுக்கு மறைந்தும் சத்தம் கேட்டது. எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும் என்று மாமா சொன்ன பிறகும் கேட்டது. தோப்பு, கிணறு, கரும்புக்காடு என்று ஊரே தேடியும் ஒரு துண்டு கிடைக்கவில்லை. அத்தை மட்டும் தேட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பிச்சியின் முன்னால் வந்து நின்றாள். "அவரு உசுரோட இருந்தாத் துலுக்குன்னு கேட்டனுங்க. துலுக்கிருச்சு. நான் தாலியக் கழட்ட மாட்டனுங்க."

அப்பிச்சி சின்ன மாமாவைப் பார்த்தார். "ஏண்டா, செஞ்சவன் நீ. அது சாமி துலுக்குனதா, உம்பட மிசினு துலுக்குனதா? நீ சொல்றதுதான் முடிவு."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். பதில் தெரிந்த கேள்வி வாழ்க்கையில் முதல்முறையாக என் எதிரில் கேட்கப்பட்டதால் நான் கையைத் தூக்கியேவிட்டேன். மாமா அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பெட்டி பைக்குள்ள இருந்துச்சுங்கப்பா. நான் தொடவே இல்ல. எப்படி ஆடுச்சுன்னு எனக்குத் தெரியலீங்க."

"நெசமா?"

"தெரியலீங்க."

"அப்ப வாழப்பாடிக்கு என்ன சொல்றது?"

"காத்திருக்க வேண்டாம்னு சொல்லிருங்க."

முனியப்பனுக்குப் பயந்து மாமா பொய் சொல்கிறார் என்று தீர்மானித்தேன். பெங்களூர்வரை போய் வந்த மனுஷன் இவ்வளவு கோழையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் பையன்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அத்தை எங்களுக்குச் சோறு போட்டாள். மாமாவின் வட்டிலில் மோரை ஊற்றினாள். அவரைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வட்டில் நிறைந்து, வழிந்து, தரையில் ஓடி என் காலை நனைத்தது. போதும் என்று மாமா சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி இருந்தார். இந்த வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேலையிலும் கவனமில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் என் வட்டிலை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.