முதல் வேண்டாம்

பிற்பகல் மூன்று ஐம்பது. ஹெல்சிங்கியில் இருட்டிவிட்டிருந்தது. விடுதி வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு நாயை. நான்கு கால்களிலும் சிவப்புக் காலுறை போட்டிருந்தது. என் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரின் கான்வாஸ் ஷூவுக்குள் பனி புகுந்துகொண்டிருந்தது.

"நாய்க்கு கீது, நமக்கு இல்ல" என்றார்.

மூன்று பேர் போயிருந்தோம். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு வாங்கவிருந்த வெல்டிங் இயந்திரத்தைச் சரிபார்க்க மேனேஜர். அதை ஓட்டிப் பார்க்க வடக்குப்பட்டுக்காரரான இந்த சூப்பர்வைசர். கூட்டக் குறிப்புகள் எழுத நான், பழைய பத்திரிகைக்காரன். படப்பையில் கம்பெனி பஸ் ஏறும்போது எல்லோர் முன்னாலும், "பேப்பர்காரர லைன்ல நிறுத்துனா போல்ட்டுக்குக் கமா போடுவாரு" என்று சூப்பர்வைசர் சொன்னதை நான் மறந்திருக்கவில்லை.

விமானத்தில் ஏறியதிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. அந்த இயந்திரத்துக்கு இங்கே மூன்று மாதப் பயிற்சி உண்டு. அது கிடைத்தால் மெயின்டனன்ஸுக்கு மாறிவிடலாம். முழங்கால் வலியோடு லைனில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டாம்.

துறைமுகம் பக்கம் டிராமில் போனோம். மேனேஜர் உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் எழுந்துபோய் நின்றுகொண்டாள். இறங்கி வழி கேட்டோம். ஒருவர் கைபேசியிலிருந்து தலை தூக்காமல் விரலை மட்டும் நீட்டினார். பயண அறிக்கையில் அழகான நகரம் என்று எழுதினேன். எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். மாலை ஆறு மணிக்கு விருந்து. அழைத்தவர் இயந்திரக் கம்பெனியின் பொறியாளர், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. வெள்ளை சூப்பில் சால்மன் மீன் துண்டுகள் மிதந்தன.

"இன்னா சார், மீனப் போயி பால்ல போட்டுக்கீறாங்க?"

"வாய மூடிக்கினு சாப்புடு. உன்னெல்லாம் இட்டாந்தேன் பாரு" என்றார் மேனேஜர், பையிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தபடி. பரிமாறியவள் பொட்டலத்தையும் அவரையும் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

பொறியாளர் ரொட்டிக் கூடையை நீட்டினார். வந்து உட்கார்ந்ததிலிருந்து சூப்பர்வைசரின் கண் அதில்தான் இருந்தது. ஆனாலும் உள்ளங்கையைக் காட்டி, "நோ, நோ மேடம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' பதில் அல்ல, மரியாதை. கேட்டவுடன் வாங்கிக்கொள்கிறவனுக்கு அலைகிறவன் என்று பெயர். இரண்டாவது முறை கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

பொறியாளர் கூடையை மேஜையின் மறுமுனைக்கு நகர்த்தினார். அது போவதை சூப்பர்வைசர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

காப்பி வந்தபோது பொறியாளர் நேராக அவரிடமே கேட்டார். காலையில் அவர் வெல்டிங் செய்ததைக் கவனித்தாராம். பயிற்சியில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாரா?

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். காது வரை சிவந்து, "நோ, நோ மேடம். பரவால்ல" என்றார்.

பொறியாளர் தலையசைத்துவிட்டு, எழுதிக்கொள்ளும்படி என்னைப் பார்த்தார். 'மறுத்துவிட்டார்' என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர், "இன்னொரு வாட்டி கேப்பாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

"ஏன், உன் மாமியாரா அவங்க? எல ஓரமா நின்னு இன்னொரு கரண்டின்னு கெஞ்சறதுக்கு?" மேனேஜர் சிரித்தார்.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "நீங்க போயி சொல்லுங்க பேப்பர்காரரே. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருதே. உள்ளதான் கீறாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். பத்தடி தூரம்.

"குறிப்பு எழுதியாச்சு" என்றேன்.

பயிற்சிக்கு மேனேஜர் போய்வந்தார். இயந்திரம் நான்காவது லைனில் ஓடுகிறது. சூப்பர்வைசர் இரண்டாவது லைனில் நிற்கிறார்.