மார்கழியில் குடிபோனவள்

வடக்கனந்தலுக்குப் பக்கத்து ஊர்க்காரி அருள்மொழி. கரும்பு வெட்டு, களையெடுப்பு, எது கிடைத்தாலும் போகிறவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான்; போனவன் போனவன்தான். மகள் இலக்கியாவுக்கு இரண்டு வயது. கார்த்திகை மழையில் கல்வராயன் மலைத் தண்ணீரெல்லாம் திரண்டு இறங்கியபோது, அவள் இருந்த மண்சுவர் வீடு பட்டப்பகலில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, தாயும் மகளும் அப்போது ரேஷன் கடையில் நின்றிருந்தார்கள்.

வீடிழந்த மூன்று குடும்பங்களை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் தங்க வைத்தார்கள். கூடம் என்று பேர்தான் பெரிது. வாசலுக்குக் கதவில்லை, சிமெண்டுத் தரை சாரலில் ஈரமாகவே கிடந்தது. பின்னாலேயே ஓடை. இலக்கியா நடக்கப் பழகியவள் இல்லை, ஓடப் பழகியவள். கண் அசந்தால் பிள்ளை தண்ணீர்ப் பக்கம் போய்விடுமே என்று அருள்மொழியால் வேலைக்கும் போக முடியவில்லை, படுத்துத் தூங்கவும் முடியவில்லை.

ஊரில் ஒரு வீடு சும்மா கிடந்தது. கிராம நிர்வாக அலுவலர் குடியிருக்க அரசாங்கம் கட்டியது. அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வந்துபோகிறவர். புது வீடு கட்டித் தரும்வரை ஒரு குடும்பம் அதில் இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. அருள்மொழி ஊராட்சிச் செயலாளர் சின்னதுரையிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் புருஷனைக் கூட்டி வா என்பார். இருந்தால் கூட்டி வர மாட்டாளா? கூடத்தில் இருக்கிறவர்களில் முதலில் பெரியவர் இருசப்பன், அடுத்து ஆண்டாள், அப்புறம்தான் நீ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சாவி சின்னதுரை கைக்கு வருவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் மார்கழியில் ஒரு பானையைக்கூட வீடு மாற்ற மாட்டார்கள். தை பிறக்கட்டும் என்று இருசப்பன் கும்பிட்டார். ஆண்டாளும் அதையே சொன்னாள். சாவி எங்கே ஓடிப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். அரசாங்கத்துக்கு மார்கழி ஏது, தை ஏது? ஆள் குடிபோகாவிட்டால் சாவியைத் திருப்பி ஒப்படைக்கும்படி சின்னதுரைக்குப் போன் வந்தது. மனுஷன் சாவியும் கையுமாகக் கூடத்து வாசலில் நின்று, முதிர்ந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் தகப்பன் மாதிரி முழித்தார்.

அருள்மொழி கை நீட்டினாள். புருஷன் எங்கே என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. ஆண்டாள்தான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். ஆம்பிளைத் துணை இல்லாதவள், சின்னப் பிள்ளைக்காரி, பீடை மாதத்தில் இப்படிப் போகலாமா என்று கேட்டாள்.

"நல்ல நாள் பாத்துதான்க்கா எனக்குத் தாலி கட்னாங்க. அந்த நாளு எனக்கு இன்னா பண்ணிச்சி?"

சின்னதுரையிடமிருந்து சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மதியத்துக்குள் குடிபோய்விட்டாள். தூக்கிப்போக அப்படி என்ன இருந்தது? உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இலக்கியா கதவைத் தள்ளிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கடைசியில் காலால் உதைத்தும் பார்த்தாள். அது அசையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அருள்மொழிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

பொழுது சாயும் நேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டு விழித்தாள். திறந்தால் ஆண்டாள், கையில் ஒரு சொம்போடு. படி ஏறாமல் கீழேயே நின்றாள்.

"பால் காச்சாம ஒரு வூட்ல படுக்கக் கூடாது. காச்சிக் கொழந்தைக்குக் குடு. நான் உள்ள வர்ல."

தனக்கு வந்திருக்க வேண்டிய வீடு என்கிற வருத்தம் ஆண்டாள் முகத்தில் இல்லாமல் இல்லை. இருந்தும் பால் வாங்கி வந்திருக்கிறாள். அருள்மொழி பிறந்த வீடு அண்ணனுடையது. இடிந்து விழுந்ததுகூட மாமனார் வீடுதான். வாசலில் நின்று ஒருவரை உள்ளே அழைக்கிற பாத்தியதை அவளுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை.

"உள்ள வாக்கா," என்றாள். "ரெண்டு ரூம் இருக்கு. புள்ளைங்களயும் கூட்டிக்கினு வந்துடு. மார்கழி போனா போவுது."

ஆண்டாள் கூடம் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.