பரணி விடியலில் கிளிமஞ்சாரோவில் ஓர் அகல்

அடிமுடி காணா அழலே! மலையே!
படிபடி யாகப் பதம்வைத் தேற
முடியா முதியேன் மூச்சினில் நின்று
பிடிகொடுத் தாண்ட பெருமான் போற்றி!

சித்திரபானு ஆண்டு, கார்த்திகை பிறந்த சனிக்கிழமை காலை பத்து மணி. தான்சானியாவில், கிளிமஞ்சாரோவின் மராங்கு வாயிலில், 1,860 மீட்டர் உயரத்தில், பதிவேட்டில் பெயர் எழுதினோம். வயது என்னும் கட்டத்தில் நான் அறுபத்தொன்று என்று எழுதக் கண்ட காவலர், என் முகத்தையும் கால்களையும் மாறி மாறி நோக்கினார்.

நாங்கள் இருவர். அடியேன் வளைகுடா நாட்டு ராஸ் அல் கைமாவில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். உடன் வந்த முருகேசன் முசஃபாவில் வெல்டர், பெரம்பலூர்ப் பக்கத்தவர். துபாயிலிருந்து நைரோபிக்கு ஐந்து மணி நேர விமானப் பயணம், அதன்பின் பேருந்து. வழிகாட்டி, சுமையாள்கள், குடில், உணவு உட்பட ஐந்து நாள்களுக்கு ஆளுக்கு 650 டாலர்.

"மழையில போயி எவனாச்சும் மலை ஏறுவானான்னு லேபர் கேம்ப்புல சிரிக்கிறாங்கய்யா" என்றார் முருகேசன்.

அங்கே அது சிறுமழைக் காலம். ஆயினும் நாளை மாற்ற இயலாது. செவ்வாய் விடியல் பரணி தீப வேளை. அவ்வேளையில் அம்மலையின் எரிமலைவாய் விளிம்பில் ஓர் அகல் ஏற்றுவதாக நேர்ந்திருந்தேன். தை பிறக்குமுன் என் விசா முடிகிறது. ஊர் திரும்பிய பின் இப்படியொரு வாய்ப்பு ஏது?

வழிகாட்டி ஜுமா நெடிய மனிதர், இஸ்லாமியர். ரமலான் பத்து நாள் கடந்திருந்தது. நோன்பு நாளில் பிறர் காணப் பகலில் நீரும் பருகாமை எங்கள் இருபத்திரண்டு ஆண்டு வளைகுடாப் பழக்கம்; அங்கே சட்டமும் அதுவே, மரியாதையும் அதுவே. ஆகவே ஜுமா பகலுணவுப் பொட்டலத்தை நீட்டியபோது, "பிறகு" என்று பையில் வைத்துக்கொண்டோம். மரத்தின் பின் மறைந்து இரண்டு மிடறு நீர் அருந்தினோம். விடியுமுன்னும் இருட்டிய பின்னுமே உண்டோம்.

முதல் நாள் எட்டு கிலோமீட்டர் காட்டுவழி. பாசி தாடியாய்த் தொங்கும் மரங்கள்; கருப்பும் வெள்ளையுமாய்க் குரங்குகள்; ஓயாத தூறல். மழையையே மறந்த பாலையிலிருந்து வந்த எனக்கு ஒவ்வொரு துளியும் திருமஞ்சனமாயிற்று! ஞாயிறன்று 3,720 மீட்டரில் ஹொரம்போ குடில். முட்டைக்கோசைத் தலையில் சூடி நிற்கும் விந்தை மரங்களைக் கண்டு முருகேசன், "இதுல ஒண்ணு போதும்யா, கேம்ப் மெஸ்ஸுக்கு ஒரு மாசக் கூட்டு" என்றார்.

திங்கள் மாலை நான்கு மணிக்கு 4,700 மீட்டரில் கிபோ குடிலை அடைந்தோம். அங்கே என் தலை பிளந்தது. இருட்டியதும் உண்ட கஞ்சியும் வெளிவந்தது. ஜுமா என் கண்களை உற்று நோக்கினார். "பெரியவரே, நீங்கள் மேலே வர இயலாது. தலைவலி தீராவிட்டால் இன்றே கீழே இறங்க வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். விளிம்பு இன்னும் ஆயிரம் மீட்டரும் ஓர் இரவும் தொலைவில் இருந்தது. மடியிலிருந்த அகலைப் பற்றிக்கொண்டு கண்ணீர் மல்க அமர்ந்திருந்தேன்.

முருகேசன் வெடித்தார். ஆங்கிலமும் இந்தியும் கலந்து அவர் சொன்னது இது: "பாய், உங்களாலதான் இது! நீங்க நோன்புன்னுதானே ஐயா மூணு நாளா தண்ணிகூட ஒளிஞ்சு குடிச்சாரு!"

ஜுமா திகைத்தார். பின் சுவரில் சாய்ந்து சிரித்தார். "நானா? நான் பயணி. பயணிக்கு இறைவன் விலக்கு அளித்திருக்கிறான். விட்ட நோன்பைப் பிறகு வைப்பேன். அரபு நாட்டிலிருந்து வந்த நீங்கள்தான் நோன்பு என்று எண்ணினேன். அதனால் நானும் பாறைக்குப் பின்னால்தான் தின்றேன்!"

ஒருவருக்கொருவர் ஒளிந்தே மூவரும் பாதி மலை ஏறியிருக்கிறோம்!

ஜுமா வெந்நீரும் இஞ்சித் தேநீரும் குவளை குவளையாகத் தந்தார். "உங்கள் இறைவன் பயணிக்கு விலக்குத் தரவில்லையா? குடியுங்கள். பதினொரு மணிக்குப் பார்ப்பேன்." பதினொன்றுக்குத் தலை தெளிந்தது. நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்; நடந்தேன். "போலே போலே" என்றார். மெல்ல மெல்ல என்று பொருள்.

நள்ளிரவில் புறப்பட்டோம். முன்பனியில் நிலவு வெண்ணீறு பூசியிருந்தது. சரளைச் சரிவில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். குளிரில் நெய் கல்லாகுமென்று முருகேசன் டப்பாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார். "வெல்டிங் ராடையே சூடு ஆறாம வெச்சிருப்போம், இது என்னய்யா!"

காலை ஐந்தே முக்கால். கில்மன் முனை, 5,681 மீட்டர்! பாறை இடுக்கில் அகலை வைத்தேன். ஏழு தீக்குச்சிகள் அணைந்தன. ஜுமா கையுறையைக் கழற்றி, இரு கைகளையும் கூட்டி அரண் செய்தார். எட்டாவது பற்றியது! சுடர் சிறிது நடுங்கி நிமிர்ந்தது. நூற்றெட்டுத் திருநாமம் சொல்லத் தொடங்கினேன். பதினொன்றில் மூச்சு நின்றது. மிச்சத்தை முகில்கடல் மேல் எழுந்த கதிரவன் சொல்லி முடித்தான்.

இறங்கிய பின் ஜுமா நோன்பு திறக்கத் தரலாமென்று வைத்திருந்த, துபாயில் வாங்கிய பேரீச்சம்பழம் என் பையிலேயே கிடந்தது. பட்டப்பகலில், ஒளியாமல், மூவரும் தின்றோம். குளிர்ந்த அகலை ஜுமா துடைத்து என்னிடமே தந்தார்; மலையில் எதையும் விட்டுவரலாகாது.

ராஸ் அல் கைமா திரும்பியபோது ரமலான் முடியவில்லை. நண்பகலில் ஸ்டோரின் அடுக்குகளுக்குப் பின்னே சென்று வழக்கம்போல் நீர் அருந்தினேன். நோன்பாளிகள் நடுவே அதுவே முறை. ஆயினும் முதல் மிடற்றிலேயே ஜுமாவின் பாறை நினைவுக்கு வந்து, புரையேறிச் சிரித்துவிட்டேன்.

இதனைப் படிப்போர் எம்மலை ஏறினும் அவர்தம் நீர் வற்றாதிருக்க, சுடர் அணைக்கவரும் காற்றில் ஒரு கை அரணாய் வந்து நிற்க, வாழ்க நெடிது.