காணாது என்று நான் சொன்ன பொய்

என் தங்கை மகளின் ஆங்கிலம் நன்றாக இருந்தது. அது காணாது, போதாது என்று அவளிடம் பொய் சொன்னேன். ஆயுள் முழுக்க ஆங்கிலம் படிப்பித்தவன் நான்; தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

அவள் மட்டக்களப்பில் ஆஸ்பத்திரித் தாதி. பெற்றோல் வரிசையும் மருந்தில்லாத வார்டும் ஆட்களை நாட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் கல்லடியில் எந்த வீட்டுக்குப் போனாலும் கனடாவா, லண்டனா, கட்டாரா என்பதே பேச்சு. அவளிடம் இரண்டு வழிகள் இருந்தன. தாதிகளுக்கான ஆங்கிலப் பரீட்சை எழுதி இங்கிலாந்து போவது ஒன்று. அது சரிவராவிட்டால் வளைகுடா. எது என்று தீர்மானிக்க என்னிடம் வந்தாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமனைக் கேட்காமல் பெண்பிள்ளையின் காரியம் நடப்பதில்லை.

வறுத்த கச்சானை உடைத்து, கடலையை ஒரு கோப்பையில் எனக்கு முன்னால் வைத்துவிட்டு, பரீட்சையில் பேசுவதுபோல் பேசிக்காட்டினாள். வாவியைப் பற்றிப் பேசினாள். பாலத்துக்குக் கீழே தோணியில் நின்று வலை வீசுகிறவன் உடம்பை எப்படி முறுக்குகிறான், தோணி எப்படி ஆடாமல் நிற்கிறது என்று. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. என்னிடம் படித்தவர்களில் அப்படிப் பேசியவர்கள் மிகக் குறைவு. நான் கச்சானை மென்றுகொண்டே கேட்டேன். பிறகு சொன்னேன்: "காணாது புள்ள. இன்னும் ரெண்டு மூணு வருசம் போகட்டும்."

காரணம், வேலைவெட்டி இல்லாமல் திரிந்த என் மகன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டுகிறவன் அவள் வீட்டில் போய் இருப்பான். தங்கை தன் கல்வீட்டை மகளுக்கு எழுதிவிட்டிருந்தாள். என் மகன் அவளுக்கு முறைமச்சான். அந்த வீட்டுக்குள் அவன் போய்க் குந்திவிட்டால் என் கவலை தீரும் என்று நினைத்தேன். தன் பெயரில் வீடுள்ள பெண் ஊரை விட்டுப் போகமாட்டாள் என்றும் நம்பினேன். தூக்கி வளர்த்த பிள்ளையைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறேன். அதுவும் அவள் உடைத்துத் தந்ததைத் தின்றபடி.

அவள் ஊரில் நிற்கவில்லை. பரீட்சையைக் கைவிட்டு, ஒரு வீட்டில் நோயாளியைப் பார்க்கும் வேலைக்கென்று குவைத் போனாள். அங்கே நோயாளியையும் பார்த்தாள், கக்கூசும் கழுவினாள், அந்த வீட்டாரின் ஏச்சும் கேட்டாள். தங்கை இதைச் சொல்லி அழுதாள். "மாமா அப்பவே சொன்னவர், எனக்குத்தான் இங்கிலீஷ் வராது" என்று மகள் சொன்னதாகவும் சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் செத்த எலியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "நான் அவளக் கேட்டனா அப்பா? நானே ருமேனியாவுக்குப் போகத் திரியிறன்." தங்கை எனக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்துப்போய் முற்றத்தில் ஊற்றினாள். அங்கேயே மகனிடம் குவைத்துக்குப் போன் எடுக்கச் சொன்னேன்.

"நான் பொய் சொன்னன் புள்ள. உன்ட இங்கிலீஷ் அண்டைக்கே காணும்."

"ஏன் மாமா?" என்றாள்.

"உன்ட வீட்டுக்காக."

அவள் போனை வைத்துவிட்டாள். பரீட்சைக்குப் படிக்க உதவுகிறேன் என்று தங்கை மூலம் சொல்லி அனுப்பினேன். வேண்டாமென்று பதில் வந்தது. குவைத்தில் இருந்தபடியே தனியாகப் படித்து எழுதி, முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினாள். இப்போது இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி.

சில மாதங்கள் தங்கை வீட்டுப் படலை எனக்குத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறது. ஞாயிறுகளில் தங்கை மகள் தாயுடன் போன் ஸ்பீக்கரில் பேசும்போது நானும் அங்கே இருப்பேன். தங்கை சிலவேளை இரங்கி, போனை என் கையில் தருவாள். "புள்ள" என்று தொடங்குவேன். "விளங்குதில்ல மாமா, லைன் சரியில்ல" என்பாள். மரியாதையாகத்தான் சொல்லுவாள். போன் தாயின் கைக்குப் போனதும், அங்கே மழை பெய்வதையும், வார்டில் ஒரு கிழவர் அடம்பிடித்துக் கஞ்சியைத் தட்டிவிட்டதையும் சிரித்துச் சிரித்துச் சொல்லத் தொடங்குவாள். நான் எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடுவேன். அதுவரைக்கும் அவளுடைய ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.