நெருப்புக்குச்சிச் சத்தம்

மனைவி இறந்த பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் எனக்குத் துணை சிகரெட்தான். நெஞ்சு வலிக்குப் போனபோது, சிகரெட்டை நிறுத்தச் சொல்லி கிளினிக்கில் ஒரு செயலியைப் போனில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஆலோசகர் ஒருத்தி கூப்பிட்டுப் பேசுவாள். சிக்னலுக்காகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே உள்ள மேட்டில் ஏறுவேன். செயலியில் தினமும் "புகைக்கவில்லை" என்று பொய்யாக அமுக்கினேன். அதுவும் பாராட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பேசும்போதே பற்றவைத்தேன்.

"அண்ணே, நெருப்புக்குச்சி சத்தம் கேட்டிச்சுங்க."

"ஆமா, தினமும்தான் குடிக்கிறேன்! போன வைங்க!" என்று கத்தினேன்.

"வைக்க மாட்டேண்ணே. குடிச்சு முடிங்க, நான் இருக்கேன்."

பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. அன்றுதான் செயலியில் உண்மையை அமுக்கினேன்.

பிறகு மெல்ல மெல்ல சிகரெட்டை விட்டேன். அழைப்புகளும் நின்றுவிட்டன. வெள்ளிக்கிழமையானால் மட்டும் இன்னும் மடுவத்துக்கு மேலே ஏறி, மடையன் மாதிரி போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.