மஞ்சள் ஒயரில் வந்த படம்

போன மாதம் எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டுக்குப் புது டிவி வந்தது. சுவரில் மாட்ட வந்த தம்பியிடம், மஞ்சள் ஒயர் சொருகுகிற ஓட்டை எங்கே என்று கேட்டேன். செல்லாத காசை நீட்டியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்றான். சொருக என்னிடமும் எதுவும் இல்லை. ஏன் கேட்டேன் என்று யோசித்தால், அவன் பிரித்துப் போட்டிருந்த தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனைதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் டேனியல் வீட்டில் டிவி கேம் பெட்டியைத் திறந்தபோது வந்த அதே வாசனை.

டேனியலும் நானும் ஒரே பிளாக். அவன் அப்பா தூத்துக்குடிப் பக்கம், என் அப்பா வேலூர்ப் பக்கம். இரண்டு பேருக்கும் பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. வீட்டில் டேனியலை அவன் அம்மா "ஏல" என்று கூப்பிட்டால் அசல் தெற்கத்திப் பேச்சில் பதில் சொல்லுவான். மாடிப்படி இறங்கிவிட்டால் "இன்னா மச்சான்" ஆகிவிடுவான். நாங்களும் அங்கேயே அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தோம். முடித்ததும் மெடிக்கல் டெஸ்ட், அதில் தேறினால் நிரந்தர வேலை. இருபது வயதில் அதற்கு மேல் ஆசைப்பட எங்களுக்குத் தெரியாது.

கேம் பெட்டியை அனுப்பியது துபாயில் இருந்த அவன் மாமா, அதாவது அவன் கூடப்பிறந்த ஸ்டெல்லா அக்காவின் கணவர். அக்கா அப்போது அம்மா வீட்டில்தான் இருந்தார். எங்களுக்குப் பிடித்தது ஒரே ஆட்டம்தான். செங்கல் சுவர்களுக்கு நடுவே குட்டிக் குட்டிப் பீரங்கி வண்டிகள். அவனுக்கு மஞ்சள் வண்டி, எனக்குப் பச்சை, இருவரும் ஒரே கட்சி. அப்பன் பகலெல்லாம் செய்கிறதைப் பிள்ளைகள் சாயங்காலம் ஓட்டுகிறார்கள் என்று அக்கா கிண்டல் செய்வார்.

அவர்கள் வீட்டு டிவியில் ஆன்டெனா ஓட்டை மட்டும்தான். அதில் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்கவேண்டும். பிடித்தாலும் மேலே ரவை தூவியதுபோல் புள்ளிகள் ஓடும். செங்கல்லின் சிவப்பு பக்கத்தில் வழியும். கீழ்வீட்டில் மிக்ஸி போட்டால் படமே நெளியும். எங்களுக்கு இதெல்லாம் குறையாகவே தெரியவில்லை.

முதலில் குறை சொன்னவன் டேனியல்தான். கலரே இல்லை, சாயம் போன லுங்கி மாதிரி இருக்கிறது என்றான். அடுத்தடுத்த வாரங்களில் ஆட்டத்திலும் தோற்க ஆரம்பித்தான். எதிரியை விட்டுவிட்டு என் வண்டியைச் சுடுவான். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறான் என்று நானும் பதிலுக்கு அவனைச் சுடுவேன். கடைசியில் பழியெல்லாம் ஒயர் மேல் விழுந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. அதில் மஞ்சள் ஓட்டை ஒன்று, வெள்ளை ஓட்டை ஒன்று. மஞ்சளில் படம், வெள்ளையில் சத்தம். பெட்டியைத் தூக்கிவந்து சொருகினோம். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. புள்ளி இல்லை, நெளிவு இல்லை. செங்கல்லுக்குச் செங்கல் நடுவில் இருந்த கோடுகூடத் தெரிந்தது. நான் குதிக்காத குறை. டேனியல் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அதேதான் மச்சான். நடுவுல புகை மாதிரி கீது" என்றான்.

எங்கள் வீட்டு டிவி மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவனோ விடுவதாயில்லை. ரயிலேறி, டிவி சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். வெளிநாட்டு டிவிக்கெல்லாம் வெளிச்சத்துக்குத் தனி, கலருக்குத் தனி என்று ஒயர் உண்டு, இங்கே யாரிடமும் அந்த டிவி இல்லை என்று கடைக்காரர் சொன்னார். இருந்ததிலேயே தடிமனான மஞ்சள் ஒயரை வாங்கிவந்தோம். உண்மையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இருந்தாலும் பிரமாதம் என்று சொல்லிவைத்தேன். டேனியல் டிவிக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான்.

அன்றைக்கு எங்களைப் பார்க்க ஸ்டெல்லா அக்காவும் வந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், உன் வண்டி எதுடா என்று தம்பியைக் கேட்டார். அவன் என் பச்சை வண்டியைக் காட்டினான். அக்கா டிவிக்கு முன்னால் வந்து நின்று, தன் புடவை என்ன கலர் என்று கேட்டார். காப்பிக் கலர் என்றான். நல்ல சிவப்புப் புடவை அது.

"ஒயர் சரியாத்தான்டா இருக்கு, டேனி" என்றார் அக்கா.

கண் டாக்டர், பார்வை நரம்பு வாடிக்கொண்டு வருகிறது என்றார். அம்மா வழியில் வருவது, இளவட்ட ஆண்களைப் பிடிப்பது, மருந்து கிடையாது. அவன் அம்மாவின் தம்பி ஒருவர் ஊரில் கோல் ஊன்றி நடந்ததை எல்லாரும் காய்ச்சலில் போன கண் என்றே நினைத்திருந்தார்கள். அந்த அம்மா அதன்பிறகு அவனை "ஏல" என்று அழைத்து நான் கேட்கவில்லை. "ராசா" என்றுதான் கூப்பிட்டார்.

மெடிக்கல் டெஸ்டுக்கு நான் போனேன், தேறினேன். அவன் போகவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, கேமைப் போடச் சொன்னான். அவனுக்கு நடுவில்தான் புகை, ஓரத்தில் கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தது. முகத்தைத் திருப்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்து, கடைக்கண்ணாலும் காதாலும் ஆடினான். ஒரு கட்டத்தை முழுதாக முடித்தான். என் வண்டியை ஒருதரம்கூடச் சுடவில்லை. பிறகு கையிலிருந்ததைத் தரையில் வைத்துவிட்டு, "படம் எப்டிடா கீது? நீ பாக்கறத சொல்லு" என்றான். செங்கல்லை, நடுவில் ஓடும் கோடுகளை, தண்ணீரின் நீலத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியிலேயே "போதும் மச்சான்" என்று எழுந்துகொண்டான்.

அவன் அப்பா ஓய்வுபெற்றதும் குடும்பமே தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு வங்கியில் டேனியலுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. என் ஆபீஸ் போனுக்குச் சனிக்கிழமைகளில் கூப்பிடுவான். யாருக்குக் கல்யாணம், யார் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள் என்றெல்லாம் விசாரிப்பான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். வருகிறேன் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எனக்குப் பூந்தமல்லிப் பக்கம் கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தன, சனிக்கிழமைகள் குறைந்தன, பிறகு நின்றுபோயின.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது அந்த வங்கியைத் தேடிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ஆபரேட்டரா சார்? அந்த சீட்டே இப்ப கிடையாதே" என்றாள். எல்லாருடைய மேசையிலும் நேராகவே போன் அடிக்கிறதாம். டேனியல் என்ற பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆபரேட்டர் அறை எது என்று கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே காலியான தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.