துண்டு இருக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ

ஜெனிற்றா மிஸ் இப்போது மன்னாரில் பெரிய வகுப்பெல்லாம் எடுக்கிறார். இறுகிப்போன உடம்பைக் கையால் பிடித்து இளக்கும் முறையை ஊர் ஊராகப் போய்ப் படிப்பிக்கிறார். அவருக்கு அந்த வழியைக் காட்டியது என் நல்ல மனது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். என் சந்தேகம்தான்.

சண்டை முடிந்து, இரண்டாயிரத்துப் பத்தில் நாங்கள் அகதி முகாமிலிருந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்தோம். என் புருசன் நவரத்தினத்தின் வலது தோளில் செல் துண்டு ஒன்று ஏறியிருந்தது. கை மார்புக்கு மேல் எழும்பாது. மண்வெட்டி பிடிக்க முடியாத விவசாயி என்ன விவசாயி? ஆனாலும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. முகாமில் தழும்பு இருந்தவர்களைத் தனியே கூப்பிட்டு, இயக்கத்தில் எந்தப் பிரிவில் இருந்தாய் என்று ஆமிக்காரர் விசாரித்தார்கள். இவர் ஒருநாளும் துவக்குத் தூக்காதவர். அதை யார் நம்புவது? கேட்டவர்களுக்கெல்லாம் உழவு மெசினிலிருந்து விழுந்தவர் என்றே சொன்னேன்.

அடுத்த வருடம் புதன்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஜெனிற்றா வரத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ். தலைமன்னார்க்காரி. சண்டைக்காலம் முழுக்க, ஆமியின் கையில் கிடந்த மன்னார்த் தீவுக்குள் இருந்தவர். ரெலிபோனில் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. போதாக்குறைக்குக் கையில் ஒரு படிவம்: பெயர், வயது, காயம் ஏற்பட்ட திகதி, இடம். நோவைப் பார்க்க வந்தவருக்குத் திகதியும் இடமும் எதற்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருசனை வீட்டில் இருத்திவிட்டு, என்னதான் நடக்கிறதென்று பார்க்க நான் மட்டும் போனேன்.

இருபது பேர் மட்டில் வாங்குகளில் குந்தியிருந்தார்கள். சனத்தைப் பார்த்துவிட்டு மிஸ் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்:

"துண்டு இருக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! துண்டு இல்லாத ஆக்கள் அங்கால நில்லுங்கோ!"

அவ்வளவுதான். ஒருவர் மாட்டைத் தேடப் போனார். ஒருத்தி உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஊன்றுகோலோடு வந்த காத்தமுத்தர் அன்றைக்கு ஓடின ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஐந்து நிமிசத்தில் மிஸ்ஸும் நானும் மட்டும் மிச்சம்.

"என்னக்கா, எல்லாரும் எங்க போயிட்டினம்?"

"உடம்புக்குள்ள செல் துண்டு இருக்கிற ஆக்களை எண்ணி ஆமியிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கத்தானே வந்தனீங்கள்?" என்று வெடித்தேன்.

அவர் திகைத்துப்போய் மேசையிலிருந்து ஒரு சின்னக் கடதாசியை எடுத்து நீட்டினார். வரிசைக்குக் கொடுக்கும் இலக்கத் துண்டு. "ஐயோ அக்கா, நான் இந்தத் துண்டைத்தான் சொன்னனான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கெட்டிக்காரிகள் இப்படித்தான் கதையை மாற்றுவார்கள்.

"என்ர மனுசனுக்குத் தோள் இறுக்கம். மெசினால விழுந்தவர். ஆனா நீங்கள் அவரைத் தொடக் கூடாது," என்றேன்.

"சரி, தொடேல்லை. என்ர தோளில பிடிச்சுப் பழகுங்கோ. வீட்டை போய் நீங்களே அவருக்குச் செய்யுங்கோ."

கதிரையில் எனக்கு முதுகைக் காட்டி இருந்தார். நான் வேண்டுமென்றே பலமாக அமத்தினேன். நோவு எடுத்தால் உண்மை வெளியே வரும் என்று ஒரு நினைப்பு. "அம்மாடி! அக்கா, அது மாக் குழைக்கிற பிடி!" என்றாரே தவிரக் கோபிக்கவில்லை. தோள்பட்டை எலும்பின் ஓரத்தை விரலால் தேடவும், மூச்சு வெளியே போகும்போது மெல்ல நகர்த்தவும், நோவு தொடங்கும் முன் நிற்பாட்டவும் காட்டித் தந்தார். அடுத்த புதன், புருசனுக்குக் காயமிருந்த பக்கத்து வீட்டு றஞ்சிதத்தை நான் கூட்டிப் போனேன். அவள் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாள். காயக்காரர் வீட்டில் ஒளிந்திருக்க, மனைவிமார் வகுப்பு இப்படித்தான் தொடங்கியது. பெரியமடு ஊர்ப் பெண்களும் கேட்டு அனுப்பினார்கள். மிஸ் அங்கேயும் போய்த் தன் தோளைக் கொடுத்தார்.

நான் வீட்டில் பிடித்துவிடப் பிடித்துவிட நவரத்தினத்தின் கை காது மட்டத்துக்கு வந்தது. பிறகு ஒருநாள் என் விரலுக்கடியில் கடினமாக ஒன்று அசைந்தது. இவர் துடித்துப்போனார். நானே அந்த இரும்பை உள்ளே தள்ளிவிட்டேனோ? சொன்னால் ஆளைக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால் என் கையே அவரை முடமாக்கும். இரண்டு நாள் அந்தத் தோளைத் தொடாமல் விட்டேன். மூன்றாம் நாள் மிஸ்ஸை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசலுக்கு வந்ததும் நான் திரும்பவும் மெசினால் விழுந்த கதையையே தொடங்கினேன்.

என் புருசன்தான் வெளியே வந்தார். இரண்டு வருடமாகக் கிணற்றடியில்கூடச் சட்டை கழற்றாத மனிதர், மிஸ் முன்னால் பொத்தான்களை அவிழ்த்தார்.

"கொண்டுபோறதெண்டால் போகட்டும் பூமணி. எனக்கு இந்தக் கை வேணும்."

மிஸ் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தத் தழும்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். "இனி இதில அமத்த வேண்டாம் அக்கா. முதல்ல எக்ஸ்றே படம் எடுப்பம். நானும் கூட வாறன்."

படம் எடுத்தோம். ஆபத்தில்லாத இடத்தில்தான் கிடந்தது. அதில் படாமல் பிடிக்க மிஸ் எனக்குப் புதிதாகப் படிப்பித்தார். ஒருவரும் எங்களைத் தேடி வரவில்லை.

அந்த ஐப்பசியில் இவர் விதைநெல்லோடு வயலில் இறங்கினார். நான் வரம்பில் நின்று, ஏதாவது ஆமி ஜீப் வருகிறதா என்று றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வலது கையால் வீசின முதல் பிடி நெல்லை நான் காணவில்லை.